இலை சிவக்கிற மாசத்துல மூணு கோயில்

வணக்கம் நேயர்களே. நவம்பர்ல ஜப்பான் போறவங்க முக்கால்வாசிப் பேர் நேரா கியோட்டோவுக்குத்தான் ஓடுறாங்க, அங்க அந்த நேரத்துல இலைய விட மனுசத் தலைதான் ஜாஸ்தி. நான் சொல்லப்போறது பிவா ஏரிக்கு கிழக்கால, ஷிகா பக்கம் இருக்கிற மூணு கோயில். சைம்யோஜி, கொங்கோரின்ஜி, ஹியாகுசைஜி. மூணையும் சேர்த்து கோட்டோ சான்சான்னு சொல்லுவாங்க. பஸ்ஸ நம்பிப் போனா ஒரே நாள்ல மூணும் முடிக்கிறது கஷ்டம், வாடகைக் கார்தான் சரி.

நம்ம ஊர் லைசென்ஸோட இன்டர்நேஷனல் பர்மிட் எடுத்துட்டுப் போனா போதும், அங்கயும் இடதுபக்கம்தான் ஓட்டணும், பயமே வேணாம். ஆனா ரயில்வே கிராஸிங் வந்தா கேட் திறந்திருந்தாலும் வண்டிய முழுசா நிறுத்திப் பாத்துட்டுத்தான் தாண்டணும், அது சட்டம். கார் எடுக்கும்போதே ஈடிசி கார்டு, அதாவது நிக்காமலே டோல் கட்டுற கார்டு, கேட்டு வாங்கிடுங்க, ஏன்னா மெய்ஷின் எக்ஸ்பிரஸ்வேல கோயில்களுக்குப் பக்கத்துல 2013ல திறந்த எக்ஸிட்ல அது இல்லாம இறங்க முடியாது.

சைம்யோஜில முதல்ல ஒரு வேடிக்கை. கோயிலுக்குப் போற பழைய பாதைய அந்த எக்ஸ்பிரஸ்வேயே குறுக்க வெட்டிட்டுப் போகுது, கீழ லாரி பறக்குது, நாம மேல பாலத்துல நடக்கிறோம். உள்ள போனா பாசி மூடின தோட்டம், அதுல சிவந்த மேப்பிளும் பூத்த செர்ரியும் ஒண்ணா நிக்குது. நவம்பர்ல செர்ரியான்னு கேப்பீங்க, அது இலையுதிர் காலத்துலயே பூக்க ஆரம்பிக்கிற ஜாதி. மேல இருக்கிற மூணடுக்கு பகோடா கோபுரம் காமகுரா காலத்து, அதாவது எழுநூறு எண்ணூறு வருசத்துக்கு முந்தின, மர வேலை, அதை அவசரப்படாம பாருங்க.

கொங்கோரின்ஜில படி ஏறுற வழி நெடுக சின்னச் சின்ன ஜிசோ சிலைங்க, குழந்தைங்கள, இறந்துபோன குழந்தைங்களயும் காக்கிற சாமி, பக்கத்துல காத்தாடி குத்தி வச்சிருப்பாங்க, காத்தடிச்சா மொத்தமா சுத்தும். எனக்கு அங்க நிக்க கொஞ்சம் மனசு கனத்துடுச்சு. மேல மண்டபத்துகிட்ட இருக்கிற மேப்பிளுக்கு ரத்தத்துல தோய்ச்ச மேப்பிள்னே பேர், அவ்ளோ சிவப்பு.

ஹியாகுசைஜிய கடைசியா வைங்க. 606ல ஷோடோகு இளவரசர் கட்டினாருன்னு மரபு, 1573ல ஓடா நோபுனாகாங்கிற போர்த்தலைவர் மொத்தத்தையும் கொளுத்திட்டாரு, இப்ப இருக்கிறதெல்லாம் அப்புறம் எழுப்பினது. குளத்தைச் சுத்தி பெரிய பெரிய பாறை அடுக்கின தோட்டம், அதுக்குப் பின்னால ஏறுனா மேற்கால சமவெளி முழுக்க தெரியும், வானம் தெளிவா இருந்தா ஏரிக்கு அந்தப் பக்கம் கியோட்டோ ஓரத்துல இருக்கிற ஹியே மலை வரைக்கும். அதனாலதான் மத்தியானத்துக்கு மேல போகச் சொல்றேன். ஆனா ரொம்ப இழுக்காதீங்க, நவம்பர் கடைசில அஞ்சு மணிக்குள்ள பொழுது சாஞ்சிடும், கோயில் கேட்டையும் கிட்டத்தட்ட அப்பவே சாத்திடுவாங்க.