சுவரைப் பார்த்துப் படுத்திருந்த பெண்

நேயர்களுக்கு வணக்கம்.

மயக்க மருந்து கொடுப்பது என் தொழில். நீலகிரியில் பல ஆண்டுகளாக அதைத்தான் செய்து வருகிறேன். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே எங்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு, வலியைத் தணிப்பது. நம் மலையிலேயே இருந்தும் நாம் சரியாகக் கண்டுகொள்ளாத ஒரு வலியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஒரு தை மாத இரவு. கூடலூர்ப் பக்கத்திலிருந்து பதினான்கு வயதுப் பணியர் பழங்குடி வீட்டுப் பெண்ணை அவள் அம்மா கூட்டி வந்திருந்தார். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். இரண்டு முழங்காலும் முதுகும் வலிக்கிறது என்றாள். வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை. நாடித் துடிப்பு சீராக இருந்தது. அவள் அழவும் இல்லை. போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டு, கட்டில் கம்பியைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறா" என்றார் பணியில் இருந்தவர். ஒரு பாராசிட்டமால் மாத்திரை கொடுத்தார்கள், மீதியைக் காலையில் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள்.

வேறொரு நோயாளிக்காக அந்தப் பக்கம் போன நான், கம்பியைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்தேன். விரல் முட்டிகள் வெளுத்துப் போயிருந்தன. அம்மாவிடம் விசாரித்தேன். "எலும்புக்குள்ள மத்து போட்டுக் கடையிற மாதிரி இருக்குன்னு சொல்லுது சார். குளிர் வந்தா வருசா வருசம் இப்படித்தான்" என்றார். அவர்கள் வந்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது.

அது அரிவாள் செல் நோய். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பதால் வருவது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் அந்த ஹீமோகுளோபின் குச்சி குச்சியாகக் கோத்துக்கொள்கிறது. வட்டத் தட்டாக, மெத்தென்று இருக்க வேண்டிய சிவப்பணு அரிவாள் போல் வளைந்து விறைத்துவிடும். நுண்ணிய ரத்தக் குழாய்களில் அது சிக்கிக்கொண்டால், அதற்கு அப்பால் உள்ள எலும்புக்கு ரத்தம் போகாது. மாரடைப்பில் இதயத் தசை படும் பாட்டை இங்கே எலும்பு படுகிறது. எக்ஸ்ரேயில் அன்றைக்கே எதுவும் தெரியாது. வலி மட்டும்தான் சாட்சி.

1952ல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்த நோய்க்கான மரபணு இருப்பதை எழுதினார்கள். இந்தியாவில் இந்த நோயைப் பற்றி வந்த முதல் பதிவுகளில் அது ஒன்று. எழுபது ஆண்டு தாண்டியும், "நடிக்கிறா" என்ற சொல் நம் வார்டுகளில் கேட்கிறது. இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சரி, ஆராய்ச்சி என்ன சொல்கிறது? வலியை அளக்கும் ரத்தப் பரிசோதனை எதுவும் இன்று வரை இல்லை. உலக வலி ஆய்வுச் சங்கம் 2020ல் வலிக்கான வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தன் வலியைப் பற்றிச் சொல்வதை மதிக்க வேண்டும் என்றும், வாய்விட்டுச் சொல்ல முடியாததாலேயே வலி இல்லை என்று ஆகிவிடாது என்றும் சேர்த்தே எழுதியது. சின்ன வயதிலிருந்து வலியோடு வளர்ந்த பிள்ளை அழாது. போனைப் பார்த்துக்கொண்டிருக்கும், கண்ணை மூடிப் படுத்திருக்கும். அதற்குத் தெரிந்த மருந்து அவ்வளவுதான்.

அதே 2020ல் அமெரிக்க ரத்தவியல் சங்கம் இந்த வலிக்கென்று ஒரு நெறிமுறை வெளியிட்டது. நோயாளி வந்த ஒரு மணி நேரத்துக்குள் வலி மருந்து உள்ளே போயிருக்க வேண்டும். பிறகு அரை மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் திரும்பத் திரும்பப் போய் "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்க வேண்டும். மார்ஃபின் போன்ற மருந்துகளுக்கும் அடங்காவிட்டால், மயக்கத்துக்குக் கொடுப்பதைவிட மிகக் குறைந்த அளவில் கெட்டமினைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துப் பார்க்கலாம். ஓரிடத்தில் மட்டும் வலி என்றால் அந்தப் பகுதியை மரக்கச் செய்யலாம். கடைசி இரண்டும் எங்கள் கைவேலை. அதனால் இந்த நோயாளி வந்திருக்கிறார் என்றால் மயக்க மருந்து மருத்துவரையும் கூப்பிடுங்கள் என்று சக மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மார்ஃபின் பழக்கமாகிவிடும் என்ற பயத்தில் பிள்ளையைத் துடிக்க விடுவது நியாயமே இல்லை.

ஆனால் மார்ஃபின் கொடுத்துவிட்டுப் போய்விடவும் கூடாது. விலா எலும்பு வலித்தால் பிள்ளை மூச்சை மேலோட்டமாக விடும். மருந்து கூடினாலும் அப்படித்தான். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், ஆக்சிஜன் குறையும், இன்னும் பல செல்கள் அரிவாளாக வளையும். நுரையீரலைத் தாக்கும் நெஞ்சு நோயாகி ஐசியு வரை போவது இப்படித்தான். 1995ல் வந்த ஒரு சிறிய ஆய்வை நான் மறப்பதே இல்லை. நெஞ்சிலோ முதுகிலோ வலி என்று சேர்ந்த இளம் நோயாளிகளைப் பகலில் இரண்டு மணிக்கு ஒருமுறை ஒரு மூச்சுப் பயிற்சிக் கருவியில் பத்து முறை இழுக்கச் சொன்னார்கள். அப்படிச் செய்து மருத்துவமனையில் இருந்த 19 தடவைகளில் ஒன்றில்தான் நுரையீரல் பாதித்தது. செய்யாமல் இருந்த 19 தடவைகளில் எட்டில். மருந்துக் கடையில் மூன்று பந்தோடு விற்கிறார்களே, அந்த மாதிரிக் கருவிதான். உறிஞ்சினால் பந்து மேலே ஏறும்.

அப்புறம் நம் மலைப் பாதை. கூடலூர் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உதகை 2,240. உதகையில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். குளிர், தண்ணீர்க் குறைவு, ஆக்சிஜன் குறைவு ஆகிய மூன்றுமே இந்தச் செல்களை வளைப்பவை. கூடலூரிலிருந்து நடுவட்டம் வழியாக உதகைக்கு ஏறும் பயணத்தில் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. வளைவில் வாந்தி வரும், வழியில் ஒதுங்க இடமிருக்காது என்று பலர் தண்ணீர் குடிக்காமலே பஸ் ஏறுகிறார்கள். அது வேண்டாம். வெந்நீர் பாட்டில், ஸ்வெட்டர், காலுறை, காது மூடும் குல்லாய் இல்லாமல் கிளம்பாதீர்கள். மேலே அனுப்பும் மருத்துவர்கள் முதல் வலி ஊசியைக் கீழேயே போட்டு, எத்தனை மணிக்குப் போட்டது என்று சீட்டில் எழுதி அனுப்புங்கள்.

வலி வராமல் தடுக்கவும் வழி இருக்கிறது. ஹைட்ராக்சியூரியா என்ற மாத்திரை, பெரியவர்கள் 299 பேரிடம் நடந்த ஆய்வில், ஆண்டுக்கு நான்கரை முறை வந்த வலியை இரண்டரையாகக் குறைத்தது. அதுவும் 1995ல்தான். மருத்துவர் மேற்பார்வையில், அவ்வப்போது ரத்தம் சோதித்துக்கொண்டு விடாமல் சாப்பிட வேண்டிய மாத்திரை. மரபணுவையே திருத்தும் சிகிச்சைக்கு 2023ல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி கொடுத்துவிட்டன. அமெரிக்காவில் அப்போது அதற்கு வைத்த விலை 22 லட்சம் டாலர். அது நம் பழங்குடிக் குடியிருப்புகளுக்கு வந்து சேரும் வரை கையில் இருப்பது இந்த மாத்திரையும், ஸ்வெட்டரும், ஒரு மணி நேரத்துக்குள் போடும் ஊசியும்தான்.

அந்தப் பெண் அடுத்த ஆண்டும் தை மாதம் வந்தாள். இந்த முறை அவள் அம்மா கையில், நோயின் பெயரும் சென்ற முறை வலியை அடக்கிய மருந்தின் அளவும் எழுதிய அட்டை இருந்தது. சீட்டுப் போடும் இடத்திலேயே அதை நீட்டினார். இருபது நிமிடத்தில் ஊசி போட்டாகிவிட்டது. ரத்தம் எடுத்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். அரை மணி கழித்து நான் போனபோது, சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தவள் இந்தப் பக்கம் புரண்டு படுத்தாள். பால் விடாத கட்டஞ்சாயா கிடைக்குமா என்று கேட்டாள்.

நன்றி, வணக்கம்.