மெகா பிளாக் தண்டவாளத்துக்கு மட்டுமா?

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் மதிப்புக்குரிய நண்பர்களே, மும்பைத் தமிழ்ச் சொந்தங்களே, அனைவருக்கும் வணக்கம். பெருநகர வாழ்வில் தனக்கென ஒரு நாள் ஓய்வு தேவையா, ஆடம்பரமா என்ற இந்த வழக்கில், தேவையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், “திருநெல்வேலியிலிருந்து வெறுங்கையோடு தாராவிக்கு வந்த நம் பெரியவர்கள் ஓய்வு நாள் பார்த்தா முன்னுக்கு வந்தார்கள்?” என்று கேட்டபோது அரங்கமே கைதட்டியது. நானும் கைதட்டினேன், ஏனெனில் அவர் சொன்ன உழைப்பு உண்மை. ஆனால் ஓய்வு என்பது வசதி உள்ளவர்களின் பழக்கம் என்று அதிலிருந்து அவர் முடிவுக்கு வந்தாரே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. 1880களில் இதே பம்பாயின் பஞ்சாலைகளில், விடிந்ததிலிருந்து இருட்டும் வரை, வாரத்தின் ஏழு நாளும் வேலை நடந்தது. 1884இல் தொழிலாளர் தலைவர் நாராயண் மேகாஜி லோகண்டே அந்தத் தொழிலாளர்களைத் திரட்டி, 5,500 பேர் ஒப்பமிட்ட மனுவில், நண்பகலில் அரை மணி நேர இடைவேளையும் காயம்பட்டவர்களுக்கு உதவியும் கேட்டதோடு, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையையும் கேட்டார். 1890இல் பல்லாயிரம் பேர் கூடிய கூட்டத்தில் இரண்டு பெண் தொழிலாளர்களும் எழுந்து பேசினார்கள். அவ்வாண்டு ஜூன் 10ஆம் நாள் ஆலை முதலாளிகள் இணங்கினார்கள். நடுவர் அவர்களே, இன்று நாம் அனுபவிக்கும் ஞாயிறு, அரைவயிற்றுக் கஞ்சி குடித்தவர்கள் ஆறாண்டுகள் போராடிப் பெற்றுத் தந்த நாள். அதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அந்த ஞாயிறு எல்லோருக்கும் வந்து சேர்ந்ததா என்பதுதான் என் கவலை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு ஒரு விடுமுறையையும் 48 மணி நேர வரம்பையும் வகுத்தது. எங்கள் வீட்டு அடுப்படிக்குள் அந்தச் சட்டம் நுழையவே இல்லை. தாராவியில் எங்கள் வீட்டில் இட்லி வியாபாரம். அப்பா அலுமினிய அண்டாவை சைக்கிளில் கட்டி, ஹாரனை அமுக்கியபடி சயானுக்கும் தாதருக்கும் போவார். அண்டா நிறைய வேண்டும் என்றால் அம்மா விடியற்காலை இரண்டு மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும். ஞாயிறன்று விற்பனை இரட்டிப்பு என்பதால், ஊருக்கு விடுமுறையான நாள் அவருக்கு இரட்டை வேலை நாள். இட்லித் துணியைப் பிழிந்து பிழிந்து அம்மாவின் வலது மணிக்கட்டு வீங்கியே இருக்கும். ஈரத்தில் ஊறிய விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கி, எந்நேரமும் அவற்றில் மாவின் புளிப்பு வாசம் வீசும். மாட்டுப்பொங்கலன்று உழவு மாட்டைக் கூட ஏரில் பூட்டாமல், குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் பூசிப் பொங்கல் ஊட்டிய மரபில் வந்த நாம், வீட்டிலுள்ள பெண்ணுக்கு அந்த ஒரு நாளையும் ஒதுக்கவில்லையே!

“வருடத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போகிறோமே, அது போதாதா?” என்றார் அடுத்த நண்பர். போதாது. ஊருக்குப் போனால் கல்யாணம், கோயில் கொடை, பத்து வீட்டுக்கு நலம் விசாரிப்பு, அத்தைக்குச் சேலை, மாமாவுக்குச் சட்டை என்று ஓடிக் களைத்துத் திரும்புகிறோம். அது கடமை, அன்போடு செய்கிற கடமை. ஆனாலும் ஓய்வின் கணக்கில் அதைச் சேர்க்க முடியாது.

நம் லோக்கல் ரயிலையே பாருங்கள். ஒரு ரயில் நான்கு நிமிடம் தாமதித்தால் நகரமே பதறுகிறது. அப்படிப்பட்ட நகரத்தில், மாட்டுங்காவுக்கும் முலுண்டுக்கும் இடையே ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் என்றால், காலை பதினொரு மணியளவிலிருந்து மாலை வரை விரைவுப் பாதையை மூடி, தண்டவாளத்தையும் மேலே ஓடும் மின்கம்பியையும் சிக்னலையும் பழுது பார்க்கிறார்கள். ஃபாஸ்ட் லோக்கல் எல்லாம் அன்று மெதுவான பாதையில் போகிறது. ஓட வேண்டிய இரும்புக்கே நிற்கும் நேரத்தை முன்கூட்டி அறிவித்து ஒதுக்குகிறோம். தன் உடம்புக்கு அதே போல நாள் குறித்து, வீட்டாரிடம் முன்னதாகச் சொல்லி, நின்று இளைப்பாறுபவரை மட்டும் சோம்பேறி என்பது என்ன நியாயம்?

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை, வியாபாரத்தை நிறுத்தச் சொல்லி, அம்மாவை மாட்டுங்கா ‘ஃபைவ் கார்டன்ஸ்’ பூங்காவுக்கு அழைத்துப் போனேன். இருவர் கைப்பேசியையும் வீட்டிலேயே வைத்துவிட்டோம். வழியில் பூக்கடையில் ஒரு முழம் மல்லிகை வாங்கி வைத்துக்கொண்டார். மரநிழலில் ஒரு பெஞ்சில் அமர்ந்தோம். முதல் அரை மணி நேரம் அவர் கை முந்தானையை மடிப்பதும் பிரிப்பதுமாகவே இருந்தது. பிறகு அது மடியில் அசையாமல் கிடந்தது. முதுகைச் சாய்த்து, கிளையில் அணில் ஓடுவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் என் பக்கம் திரும்பி, “இப்ப என்ன செய்யணும்?” என்று மெதுவாகக் கேட்டார்.

நடுவர் அவர்களே, “ஒண்ணும் செய்ய வேண்டாம்மா” என்று அன்று நான் சொன்ன பதிலையே என் வாதமாக உங்கள் முன் வைத்து அமர்கிறேன். நன்றி, வணக்கம்.