ஒரே மஞ்சள் தூள்

நேயர்களுக்கு வணக்கம். கொலம்பியாவின் டுமாக்கோ பகுதியில் குருத்தழுகல் நோய் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களை அழித்த பிறகு, அமெரிக்க இனத்தையும் ஆப்பிரிக்க இனத்தையும் சேர்த்து உருவாக்கிய கலப்பினப் பனையை உழவர்கள் நட்டனர். அது நோயைப் பெருமளவு தாங்கியது. ஆனால் தானாகக் காய்பிடிக்கத் தடுமாறியது. அதன் மகரந்தத்தில் பெரும்பகுதி முளைக்காது. பெண் பூங்கொத்தைப் பாளை இறுக மூடியிருப்பதால் வண்டு நுழைவதும் கடினம்.

வண்டு என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மலேசியத் தோட்டங்களில் ஒரு காலத்தில் ஆட்கள்தாம் மரம் மரமாகச் சென்று மகரந்தம் தூவினர். ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளரின் ஆய்வைத் தொடர்ந்து, 1981இல் கேமரூனின் சிறு கூன்வண்டு அங்கே விடப்பட்டது. ஆண் பூவில் பெருகி வாழும் அந்த வண்டு, சோம்பு போன்ற மணத்தால் ஈர்க்கப்பட்டுப் பெண் பூவுக்கும் போய்வந்து, அத்தனை ஆட்களின் வேலையையும் ஏற்றுக்கொண்டது. கலப்பினப் பனையோ அந்த வேலையை மறுபடியும் மனிதரிடமே ஒப்படைத்திருக்கிறது.

நான் வற்புறுத்த விரும்புவது இதுதான்: உயிருள்ள மகரந்தமும் செத்த மகரந்தமும் கண்ணுக்கு ஒரே மஞ்சள் தூள். ஆப்பிரிக்கப் பனையின் ஆண் பூங்கொத்திலிருந்து எடுத்துச் சலித்து, மிதமான வெப்பத்தில் உலர்த்தி, உறைகுளிரில் வைக்கப்படும் அந்தத் தூளுக்கு ஈரமே முதல் எதிரி. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த புட்டியை அறையின் வெப்பத்துக்கு வருமுன் திறந்தால், காற்றின் ஈரம் உள்ளே படிந்து தூள் கட்டிப்படுகிறது. ஆகவே, சேமித்த நாளில் பார்த்த முளைப்புத்திறனை நம்பாமல், தோட்டத்துக்கு எடுத்துச் செல்லும் நாளில் மீண்டும் பார்க்க வேண்டும். சர்க்கரையும் போரிக் அமிலமும் கலந்த ஊடகத்தில் சிறிது தூவி, இளஞ்சூட்டில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வைத்தபின், நுண்ணோக்கியின் கீழ், தன் விட்டத்தைவிட நீண்ட குழலை விட்ட மகரந்த மணிகளை மட்டும் முளைத்தவையாக எண்ணுவர்.

மகரந்தத்தோடு பல மடங்கு டால்க் தூளைக் கலந்து தெளிப்பது வழக்கம். டால்க் பரப்ப மட்டுமே உதவும், உயிரைக் கூட்டாது. பாதி செத்த மகரந்தத்தை வழக்கமான அளவில் கலந்தால், பாளையைக் கிழித்துப் பூவைத் தேடிய தொழிலாளியின் உழைப்பும் பாதி வீண். குலை பழுக்க ஐந்தாறு மாதம் ஆவதால் தவறு உடனே தெரியாது. வெள்ளையாக நின்றுவிட்ட காய்களைப் பார்க்கும்போது பழி அந்தத் தொழிலாளிமீதே விழுகிறது. புட்டியை யாரும் விசாரிப்பதில்லை.

நேரம் முடிவதாகச் சைகை வருகிறது. மகரந்தமே இல்லாமல், நாப்தலீன் அசிட்டிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளித்து விதையற்ற பழம் பெறும் முறையும் இப்போது பரவியுள்ளது. சதையில் எண்ணெய் கிடைக்கும், பருப்பு கிடைக்காது, ஒரே பூங்கொத்துக்குத் திரும்பத் திரும்பத் தெளிக்கவும் வேண்டும். நன்றி.