ஐதீகம் என்ற சொல்

நேயர்களுக்கு வணக்கம். ராமேஸ்வரம் கோயிலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஒரு சொல் தானாக வந்து விழும்: ஐதீகம். செய்தியிலும் சுவரொட்டியிலும் வழிகாட்டிகளின் வாயிலும் புழங்கும் அந்தச் சொல்லைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

வடமொழியில் இது ஐதிஹ்யம். 'இதி ஹ' என்றால் 'இப்படியாம்' என்று பொருள். அதோடு 'இருந்தது' என்ற சொல்லும் சேர்ந்தால் இதிகாசம். இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. தமிழில் பழைய வடிவம் ஐதிகம். இன்று எல்லோரும் ஐதீகம் என்றே நீட்டிச் சொல்கிறோம், அதில் பிழையில்லை.

மணிமேகலைக் காப்பியத்தில் இந்தச் சொல் வருகிறது. அதன் நாயகி மணிமேகலை வஞ்சி நகரத்தில் சமயவாதிகளைச் சந்திக்கிறாள். அங்கே அளவை வாதி, அதாவது அறியும் வழிகளைப் பற்றி வாதிடுகிறவன், ஒன்றை அறிந்துகொள்ளும் வழிகள் பத்து என்று அடுக்குகிறான். கண்ணால் காண்பது ஒன்று, காரணம் கொண்டு ஊகிப்பது ஒன்று. அந்த வரிசையில் ஐதிகமும் நிற்கிறது. அதற்கு அவன் காட்டும் உதாரணம், உலகத்தார் சொல்வதைக் கேட்டு 'இந்த மரத்தில் பேய் இருக்கிறது' என்று தெளிவது. நம் ஊரில் கண்மாய்க்கரைப் புளியமரத்தைக் காட்டி "அதுல முனி இருக்குதாம்" என்கிறோமே, அதே வாக்கியம்! முதலில் சொன்னவர் யாரென்று தெரியாது, வாய் மாறி வாய் வந்திருக்கிறது. இந்தச் சொல்லின் உயிரே அங்கேதான் இருக்கிறது. 'இருக்குதாம்' என்பதில் வரும் அந்த 'ஆம்' செய்கிற வேலையைத்தான் 'என்பது ஐதீகம்' என்ற தொடர் எழுத்துநடையில் செய்கிறது. பொய் என்றும் சொல்வதில்லை, நடந்தது என்று சத்தியமும் செய்வதில்லை. மூடநம்பிக்கை என்றால் சொல்பவர் தீர்ப்பே எழுதிவிடுகிறார். ஐதீகம் தீர்ப்பு எழுதாத சொல். அதனாலேயே அதைக் கவனமாகக் கையாள வேண்டும்.

சம்பிரதாயத்தோடு இதைக் குழப்பிவிடுகிறோம். லிங்கம் கொண்டுவரக் கயிலைக்குப் போன அனுமன் வரத் தாமதமானதால் சீதை மணலிலேயே லிங்கம் பிடித்தாள், அதுவே ராமநாதர்: இது ஐதீகம். பிறகு அனுமன் கொண்டுவந்த விஸ்வலிங்கத்துக்கே கோயிலில் முதல் பூஜை: இது சம்பிரதாயம். முன்னது சொல்லப்படுவது, பின்னது செய்யப்படுவது. ஆகவே 'ஐதீகம் செய்தார்கள்' என்று எழுத வராது. கடலில் குளித்துவிட்டு உள்ளே போய் 22 தீர்த்தங்களிலும் நீராடுவது வழக்கம். ஆசாரம் நடந்துகொள்ளும் ஒழுங்கு. வைதிகம் வேத நெறியைப் பற்றி நிற்பது.

'ஐதீகப்படி நடை திறக்கப்பட்டது' என்று எழுதினால் தவறு. அங்கே 'வழக்கப்படி' போதும். 'என்பது ஐதீகமாக நம்பப்படுகிறது' என்பதில் நம்பிக்கை இரண்டு தடவை வந்துவிடுகிறது. 'என்பது ஐதீகம்' என்று முடித்துவிடலாம். ஏர்வாடி தர்காவைப் பற்றிப் பேசும்போது நான் 'நம்பிக்கை' என்ற சொல்லையே தேர்வேன், ஏனென்றால் ஐதீகம் என்றதும் நம் காதுக்குக் கோயில் வாடை வந்துவிடுகிறது.

இவற்றைவிடப் பெரிய தவறு, கண்ணால் காண்பதையும் ஐதீகத்தையும் ஒரே வாக்கியத்தில் போட்டு முடிச்சுப் போடுவது. தேவிபட்டினத்தில் கடலுக்குள் ஒன்பது கல் நிற்கிறது. அது காட்சி, யாரும் போய் எண்ணிப் பார்க்கலாம். அவற்றை ராமர் நவக்கிரகங்களாக நாட்டினார் என்பது ஐதீகம். 'ராமர் நாட்டிய ஒன்பது கற்கள் இருப்பதாக ஐதீகம்' என்று சேர்த்து எழுதினால், கண்ணெதிரே நிற்கிற கல்லே சந்தேகத்துக்குரியதாகிவிடும். வாக்கியத்தை இரண்டாகப் பிரித்தால் சிக்கல் தீர்ந்தது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழித்ததும், ரயிலைக் கடல் கொண்டுபோனதும் வரலாறு. அதன் பக்கத்தில் ஐதீகம் என்ற சொல்லை மறந்தும் வைக்கக் கூடாது. அங்கே உயிரிழந்தவர்கள் உண்மையாக வாழ்ந்த மனிதர்கள்.

வானொலியில் எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. தமிழில் 'என்பது ஐதீகம்' கடைசியில்தான் வரும். அச்சில் கண் ஒரே பார்வையில் வரியின் முடிவைப் பிடித்துவிடும். காதுக்கு அந்த வசதி கிடையாது. நீண்ட வாக்கியமென்றால் கேட்பவர் பாதிவரை அதை நடந்த சேதியாகவே எடுத்துக்கொள்வார், கடைசிச் சொல்லுக்குள் பஸ் ஹாரன் அடித்துவிட்டால் அதோடு சரி. ஆகவே சொல்லை முன்னால் கொண்டுவாருங்கள். இப்படி: "அக்னி தீர்த்தத்துக்கு ஓர் ஐதீகம் உண்டு. சீதையைத் தொட்ட தோஷம் நீங்க அக்னி தேவன் இந்தக் கடலில் நீராடினானாம்." பத்துச் சொல்லைத் தாண்டாத இரண்டு வாக்கியம், நடுவில் ஒரு மூச்சு, கடைசியில் அந்த 'ஆம்'. வணக்கம்.