மோட்டாரைத் திருப்பாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு பொருள் நேர்கோட்டில் முன்னே போய்ப் பின்னே வர வேண்டும், அதுவும் நாள் முழுக்க நிற்காமல். இதற்கு எந்த அமைப்பு பொருந்தும்?

பலருக்கும் முதலில் தோன்றுவது, திருகுத் தண்டு வைத்த ஆக்சுவேட்டரை, அதாவது மோட்டார் சுற்றச் சுற்றத் தண்டு நீண்டு சுருங்கும் கருவியை வாங்கி, இரு முனையிலும் முனை வந்ததை உணர்த்தும் லிமிட் சுவிட்ச் வைத்து, மோட்டாரைத் திருப்பித் திருப்பி ஓட்டுவது. எப்போதாவது ஒரு கதவைத் திறந்து மூட அது போதும். நிமிடத்துக்கு 60 தடவை போய்வர வேண்டுமென்றால் எட்டு மணி நேரத்தில் 28,800 தடவை ஆகிறது. ஒவ்வொரு தடவையும் மோட்டார் இருமுறை நின்று எதிர்த்திசையில் கிளம்ப வேண்டும். கிளம்பும்போதுதான் அது அதிக மின்சாரம் இழுத்துச் சூடாகும். அந்தச் சூடு தணிவதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடும். விவரத்தாளில் டியூட்டி சைக்கிள் 25 சதவீதம் என்றிருந்தால், ஓடிய நேரத்தைப் போல மூன்று மடங்கு ஓய்வு தரவேண்டும் என்று பொருள். நம் வேலையில் ஓய்வே கிடையாதே.

அதனால் மோட்டார் ஒரே திசையில் சுற்றட்டும். திரும்புகிற வேலையைக் கிராங்க், அதாவது மோட்டார் தண்டோடு சேர்ந்து சுற்றும் கை, பார்த்துக்கொள்ளும். 50 மில்லிமீட்டர் நீளக் கிராங்குக்கு, முனைக்கு முனை 100 மில்லிமீட்டர் ஓட்டம் கிடைக்கும். முனை நெருங்க நெருங்க வேகம் தானாகக் குறைந்து, மெல்லத் திரும்பும். எனக்குக் கிராங்க் மேல் தனி மதிப்பு வந்ததே இந்தக் குணத்தால்தான். ஆனால் வேகத்தை இரட்டிப்பாக்கினால் முனைகளில் வரும் விசை நான்கு மடங்காகும். அதை மறந்து மோட்டாரின் வேகத்தைக் கூட்டி, பேரிங்கைக் கெடுத்த அனுபவம் எனக்கு உண்டு.

சரி, ஓட்டம் முழுவதும் ஒரே வேகம் வேண்டுமென்றால்? கிராங்க் உதவாது. இதய வடிவக் கேம் பார்க்கலாம்; சுற்றும்போது தன் விளிம்பால் பொருளைத் தள்ளும் தகடு அது. நீண்ட ஓட்டமென்றால், இடமும் வலமுமாக மரைகள் குறுக்கே வெட்டிய திருகு இருக்கிறது. மீன்பிடி ரீலில் நூலைச் சீராகப் பரப்புவது அதுதான். அழுத்தக் காற்று ஏற்கெனவே இருக்கும் இடத்தில், அந்தக் காற்றால் தண்டைத் தள்ளும் சிலிண்டரும் நல்லதே.

கிராங்கையே எடுத்தால், அதைச் சறுக்கும் பகுதியோடு இணைக்கும் கனெக்டிங் ராடைக் கிராங்க் நீளத்தைப் போல நான்கு மடங்காவது வையுங்கள். ராட் குட்டையானால் சறுக்கும் பகுதியைப் பக்கவாட்டில் அதிகமாகத் தள்ளும். அந்தப் பகுதி சறுக்கிப் போகும் வழித்தண்டு ஒரு பக்கமாகத் தேயும். தேய்மானத்தைப் பார்த்துவிட்டு மோட்டாரை மாற்றுபவர்கள் உண்டு. முதலில் ராடை அளந்து பாருங்கள். வணக்கம்.