ஸ்டார்ட் பட்டன் எங்கே போச்சு ஐயா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இவ்வளவு நேரம் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் அன்பர்களே, வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்குகிற இயங்குதளமோ, இணையம் பார்க்கிற பிரவுசரோ, ஒன்று நமக்கு எளிதாக இருப்பது வடிவமைப்பாலா, பழக்கத்தாலா? வடிவமைப்புதான் என்று பேசிய நண்பர் நன்றாகவே பேசினார், நானும் கை தட்டினேன். ஆனால் பேச்சு முழுக்க "பார்த்தவுடனே தானாகப் புரியும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார் பாருங்கள், அங்கேதான் எனக்கு இடிக்கிறது. தானாக எதுவும் புரியாது ஐயா. பழகினால் புரியும்.

2012-ல் விண்டோஸ் 8 வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? 1995-லிருந்து திரையின் மூலையில் உட்கார்ந்திருந்த ஸ்டார்ட் பட்டனைத் தூக்கிவிட்டு, திரை முழுக்கச் செயலிகளைக் கட்டம் கட்டமாக அடுக்கிவைத்தார்கள். அதே மூலைக்கு மவுஸைக் கொண்டுபோய் அழுத்தினால் வேலை நடக்கத்தான் செய்தது, ஆனால் பட்டன் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான், கூச்சல் கிளம்பிவிட்டது. அடுத்த வருடமே 8.1-ல் பட்டன் திரும்பி வந்தது, 2015-ல் விண்டோஸ் 10-ல் பட்டனை அழுத்தினால் விரிகிற மெனுவும் வந்தது. "அது மோசமான வடிவமைப்பு, அதனால்தான் தோற்றது" என்று எதிரணி சொல்லும். சரி, மோசம்தான். அப்படியானால் பழையது மட்டும் என்ன வாழ்ந்தது? கம்ப்யூட்டரை நிறுத்த "ஆரம்பி" என்கிற பட்டனை அழுத்த வேண்டும்! முதல்முறை பார்க்கிறவன் சிரிப்பான். பதினேழு வருடம் அழுத்தி அழுத்தி நமக்குச் சிரிப்பு மறந்துபோனது.

ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டர் பக்கம் வருகிறேன். திரையின் மேல் விளிம்பில் மெனு இருப்பதால் மவுஸை ஒரே வீச்சில் மேலே தள்ளினால் போதும், குறி தப்பாது என்றார் நண்பர். உண்மை. உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-லேயே வகுத்த விதிப்படி, இலக்கு பெரிதாகவும் பக்கத்திலும் இருந்தால் கை சீக்கிரம் போய்ச் சேரும். விளிம்பைத் தாண்டி மவுஸ் போகாது என்பதால் அங்கே இருக்கிற மெனு ரொம்பப் பெரிய இலக்கு மாதிரி ஆகிவிடுகிறது. இந்த ஒரு புள்ளியை எதிரணிக்கே கொடுத்துவிடுகிறேன். ஆனால் அதே மேக்கில் 2011-ல் என்ன நடந்தது? லயன் என்ற பதிப்பில் ஸ்க்ரோல் திசையை, அதாவது விரலைத் தள்ளினால் பக்கம் நகரும் திசையைத் தலைகீழாக்கி, அதற்கு "இயல்பான" திசை என்று பெயரும் வைத்தார்கள். பலர் முதல் வேலையாக செட்டிங்ஸுக்குள் போய் அதை மாற்றினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சில நாள் ஓட்டியவர்களுக்கோ, அப்புறம் மற்ற கம்ப்யூட்டர்களெல்லாம் தலைகீழாகத் தெரிந்தன! அதே விரல், அதே பக்கம். இதில் எது இயல்பு?

லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறவர்கள் இன்னும் ஒருபடி மேலே. அங்கே திரையின் தோற்றத்தைத் தருகிற க்னோம் என்ற டெஸ்க்டாப்பின் மூன்றாம் பதிப்பு வந்து பழைய மெனுவைக் கலைத்ததும், க்னோம் 2-வின் நிரலையே எடுத்து மாத்தே என்ற பெயரில் தனியாக வளர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பழக்கத்தைக் காப்பாற்ற ஒரு டெஸ்க்டாப்பையே வளர்த்த கதை இது.

என் சித்தப்பாவின் பழைய கம்ப்யூட்டர் திணறியபோது, அவரிடம் சொல்லாமலேயே லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையைப் போட்டுக்கொடுத்தேன். மெனு அதே மூலையில், பிரவுசர் ஐகான் அதே இடத்தில். இரண்டு வாரம் மெயில் பார்த்தார், செய்தி படித்தார், இயங்குதளமே மாறிவிட்டது என்பது அவருக்குத் தெரியவே இல்லை. அப்புறம் ஒருநாள் நான் எதையோ சரிசெய்யப்போய் அந்த ஐகானை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் தள்ளிவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலமே போன். "டேய், கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுடா!"

பிரவுசருக்கு வருவோம். புதிதாக ஒன்றை நிறுவிப் பாருங்கள். நான் எவ்வளவு அழகு பார் என்று அது பெருமையடிப்பதற்கு முன்பே, பழைய பிரவுசரிலிருந்து புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் எடுத்துவரட்டுமா என்று கேட்கும். வடிவமைப்பே போதும் என்றால் இந்தக் கெஞ்சல் எதற்கு? 2008-ல் வந்த குரோம் பெரிய புரட்சி என்றார்கள், வேகம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் புது டேப்புக்கு கண்ட்ரோல் டி (T), மூட கண்ட்ரோல் டபிள்யூ (W), ஃபயர்ஃபாக்ஸில் விரல் படித்த அதே பாடம். அதில் மட்டும் அவர்கள் கை வைக்கவில்லை பாருங்கள்!

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, இதோ முடிக்கிறேன். மேடை ஏறும்போது எதிரணித் தலைவரின் லேப்டாப்பை எட்டிப் பார்த்தேன். விண்டோஸ் 11. ஸ்டார்ட் பட்டனை நடுவில் வைத்துத்தான் அதை வடிவமைத்து அனுப்பினார்கள். அவருடைய திரையில் அது இடது மூலையில் இருக்கிறது. யார் நகர்த்தினார்கள், ஏன் நகர்த்தினார்கள் என்று அடுத்துப் பேச வரும்போது அவரே சொல்லட்டும்.