ஏலக்கூடத்துக்கு வரட்டும் பிள்ளைகளின் படைப்பு

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் ஆசிரியப் பெருமக்களே, பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் ஊர்களிலிருந்து வந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம். மாணவர் படைப்புகளைக் காட்சிக்கு வைக்கச் சிறந்த இடம் வகுப்பறைச் சுவரா, ஊரின் பொதுவெளியா என்பது தலைப்பு. பொதுவெளியே என்று வழக்காட வந்திருக்கிறேன்.

வகுப்பறைச் சுவர் பிள்ளைக்குப் பாதுகாப்பான இடம், அங்கே கேலி இல்லை, மழையும் உப்புக்காற்றும் இல்லை என்றார் எதிரணித் தலைவர். அவருடைய கரிசனத்தை மதிக்கிறேன். ஆனால், அந்தச் சுவரை யார் பார்க்கிறார்கள் என்பதை அவர் சொல்லவே இல்லை. அதே வகுப்புப் பிள்ளைகள், அதே ஆசிரியர், எப்போதாவது ஆய்வுக்கு வரும் அலுவலர், அவ்வளவுதான். பெற்றோர் வந்து பார்ப்பார்கள் என்றால், எந்த நாளில் வருவார்கள்? பாக் நீரிணையில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாளும் நாட்டுப்படகுகள் மற்ற நாள்களிலும் தொழிலுக்குப் போவது நம் நடைமுறை. பெற்றோர் கூட்டத்துக்கு நாம் எந்த நாளைக் குறித்தாலும் தகப்பன்மாரில் ஒரு பகுதியினர் கடலில் இருப்பார்கள். கரையில் இருப்பவர்களோ இரவெல்லாம் வலை இழுத்த அசதியில் கண்ணயர்ந்திருப்பார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு இடத்தைப் பெற்றோருக்குத் தந்திருக்கிறது. இடம் தந்தும் வர இயலாதவர்களைத் தேடிப் படைப்புகள் போவதுதானே முறை?

நடுவர் அவர்களே, பொதுவெளியில் வைப்பதால் கிடைப்பது கைத்தட்டல் மட்டும் அன்று. பாம்பன் பக்கத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் கூடுகிற இடத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் பாசிப் படங்களைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்தோம். கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, மரிக்கொழுந்து என்று பெயரெழுதி வண்ணம் தீட்டியிருந்தார்கள். மரிக்கொழுந்துப் பாசியை ஒரு மாணவி அகன்ற இலைகளோடு வரைந்திருந்தாள். வகுப்பில் நாங்கள் எல்லோரும் அதை நன்று என்று பாராட்டியும் இருந்தோம். பல ஆண்டுகளாகக் கடலுக்குள் முங்கிப் பாசி எடுத்து வருகிற ஓர் அம்மா அந்தப் படத்தின் முன் நின்று, “தாயி, இதுல இலையே கெடையாது. தண்டு கம்பியாட்டம் வெறைப்பா இருக்கும். ரெண்டு பக்கமும் சீப்புப் பல்லு மாதிரி பிரியும். பாறையோட ஒட்டிக்கிட்டு நிக்கும்” என்று விரலால் காற்றில் வரைந்து காட்டினார். அந்தப் பிள்ளை அங்கேயே தரையில் உட்கார்ந்து மறுபடி வரைந்தாள். மறுநாள் இரண்டு படங்களையும் அருகருகே வைத்து, கீழே திருத்தியவர் பெயரையும் எழுதினோம். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா, தம் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தொட்டுப் பார்த்தார். எந்த வகுப்பறைச் சுவர் இதைச் செய்யும்?

இது நம் மரபுக்குப் புதியதும் அன்று. தொல்காப்பியம் பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அதன் பாயிரமே கூறுகிறது. தெரிந்தவர்கள் கேள்வி கேட்டுக் குற்றம் களையும் இடமாகவே அவையை நம் முன்னோர் வைத்திருந்தார்கள். கடலைப் பற்றிப் பிள்ளை எழுதினால், அதற்கு அவை கடல் தெரிந்தவர்கள் கூடும் இடந்தான். வாடை, கச்சான், கொண்டல், சோழகம் என்ற நான்கு காற்றுகளும் எந்த மாதத்தில் எப்படி வீசும் என்று மாணவர்கள் வரைந்த நாட்காட்டியை மீன் ஏலக்கூடத்தில் தொங்கவிட்டுப் பக்கத்தில் ஒரு கரிக்கட்டையையும் வையுங்கள். பெரியவர்கள் அதில் எழுதிச் சேர்ப்பது ஒரு பாடநூலுக்கு ஈடாகும்.

பொதுவெளி என்றால் சுவரும் கயிறும் மட்டுமா? பாம்பனில் 2016 முதல் ஒலிக்கும் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி இருக்கிறது. தாத்தாவிடம் 1964 டிசம்பர் புயலைப் பற்றிக் கேட்டு எழுதிய கட்டுரையைப் பிள்ளை தன் குரலில் படித்தால், வலை பின்னிக்கொண்டே ஊர் கேட்கும். பாம்பனும் தங்கச்சிமடமும் ஊராட்சிகள். அங்கே நடக்கும் கிராம சபையில், தெருக் குழாய்களைக் கணக்கெடுத்த மாணவர்கள் தங்கள் வரைபடத்தை விரித்து விளக்கட்டும். அந்தக் கணக்கை ஊர் பயன்படுத்தும்போது, மதிப்பெண் தர முடியாத ஒரு மதிப்பு அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிறது.

ஒப்பிட்டுப் பார்த்துப் பின்தங்கிய பிள்ளை மனம் நோகும் என்றார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். இதை நான் எளிதாகக் கடந்து போகமாட்டேன். நோகத்தான் செய்யும், சிறந்த ஐந்தை மட்டும் பொறுக்கி எடுத்து வைத்தால். அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழா நல்ல ஏற்பாடு. ஆனால் அது போட்டி, வென்றவர் மட்டுமே அடுத்த மேடைக்குப் போவார். நான் கேட்பது வேறு. வகுப்பில் உள்ள ஒவ்வொரு பிள்ளையின் படைப்பும் இடம்பெற வேண்டும். எதை வைப்பது என்பதைப் பிள்ளையே முடிவு செய்ய வேண்டும். மதிப்பெண்ணும் தரவரிசையும் அங்கே கூடாது. முதலில் எழுதிய தாளும் திருத்திய தாளும் சேர்ந்து தொங்கட்டும். பார்க்கிறவர் கண் அப்போது அடுத்த பிள்ளையோடு ஒப்பிடாமல், இந்தப் பிள்ளை எங்கிருந்து எங்கே வந்தது என்பதையே பார்க்கும். கூச்சப்படும் பிள்ளை பெயரில்லாமல் வைக்கட்டும். பிள்ளைகளின் முகத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் பரப்புவதை நானும் ஏற்கவில்லை. ஏலக்கூடத்தில் பார்ப்பவர்கள் பிள்ளையின் மாமனும் சித்தப்பனும், கைப்பேசியில் பார்ப்பவர் யாரென்று யாருக்கும் தெரியாது.

உப்புக்காற்றுக்கும் வழி உண்டு. படியெடுத்ததை வெளியில் வைத்து, மூலத்தைப் பள்ளிக் கோப்பில் காக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரைக்குள் வைக்கலாம். கழித்துப் போட்ட பழைய வலையை விரித்துக் கட்டினால் அதுவே பலகை, செலவில்லை.

நடுவர் அவர்களே, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதன் முதல் சில நாள்களில் பள்ளியும் நடக்கும், விசைப்படகுத் தொழிலாளர்களும் கரையில் இருப்பார்கள், ஏலக்கூடத்தில் இரைச்சலும் தணிந்திருக்கும். வரும் தடைக்காலத்தில் அங்கே ஒரு வலையைக் கட்டி, தேர்வு முடிந்த மாலைகளில் பிள்ளைகளைத் தங்கள் படைப்புகளின் அருகே நிற்கவைத்து விளக்கம் சொல்லச் செய்வோம். மே 1 கிராம சபைக்கும் அவற்றை எடுத்துச் செல்வோம். படகுச் சங்கத்தாரிடம் இடம் கேட்கும் பொறுப்பை என் அணி ஏற்கிறது. எங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, அந்த முதல் நாளுக்குத் தாங்களே வந்து தொடங்கிவைக்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.